பரிசோதனைக்கு முந்தைய வாரம்

ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமைகளில் நம் ஓ.பி.யில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் இருந்தால் மருமகளோடு சண்டை வரும், அதனால்தான் கிழவி இங்கே வருகிறாள் என்று இளம் டாக்டர்கள் நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. விழட்டும். போன வாரம் பார்த்ததைச் சொல்லாமல் போனால்தான் எனக்கு மனசு ஆறாது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நீங்கள் எல்லோரும் ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி. எண் எங்கே என்று தேடுகிறீர்கள். அது நாற்பதுக்குள் இருந்தால் முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாருக்குதுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்த பக்கத்தை ஒருவரும் திருப்புவதில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது இந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கே கத்தியிருப்பேன். பேச்சியம்மாளின் நினைவு வந்துவிட்டது, அதற்குப் பிறகு கத்த வரவில்லை. அவளைப் பற்றி உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வந்தவள். தைத்து வரும் டீ-சர்ட்டை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. அதே கம்பெனியின் அலுவலகத்தில் நந்தகுமார் என்ற பையன் இருந்தான், இங்கே பக்கத்துக் கணியூர்க்காரன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி, கம்பெனி தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று ஆடிட் செய்வார்கள் அல்லவா, அந்த ஆடிட்டில் கம்பெனியைப் பாஸ் பண்ணவைப்பது அவன் பொறுப்பு. இருவருக்கும் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். நந்தகுமாரின் அம்மா கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு அவர்கள் வாசற்படியும் மிதிக்கவில்லை. வேற்று ஊர், வேற்று சாதி, கேட்க வேண்டுமா?

கண் மஞ்சளாகி அவள் என்னிடம் வந்தபோது, ஏற்கெனவே பல வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து பாதி உடம்பாகியிருந்தாள். மஞ்சள் இறங்கும், கொஞ்ச நாளில் திரும்ப ஏறும். வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்தன. அப்போது என்னோடு இருந்த இளம் டாக்டர் ஒருவர், சி.ஆர்.பி. பெரிதாக ஏறவில்லை, எனவே உடம்பில் அழற்சி இல்லை என்று எழுதி வைத்திருந்தார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிமோனியாவுக்கும் சீழ்க்கட்டிக்கும் சி.ஆர்.பி. துள்ளும். இந்த நோயில் ஈரல் வெந்துகொண்டிருக்கும்போதும் அது பல நேரம் பேசாமல் இருக்கும். அவள் ரிப்போர்ட்டில் பேசியது வேறு ஒன்று. மொத்தப் புரதம் அதிகம், ஆனால் ஆல்புமின் குறைவு. அப்படியென்றால் நடுவில் ஏறியிருப்பது குளோபுலின். அதிலும் ஐ.ஜி.ஜி. என்கிற வகை, இருக்க வேண்டிய அளவைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஆன்டிபாடி பார்த்தோம், ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தோம். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உன் ஈரலை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.

"என் உடம்புக்கே என்னையப் பிடிக்கலையா டாக்டரம்மா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இந்த நோயை இவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. நான் சிரித்துச் சமாளித்தேன். ஸ்டீராய்டு ஆரம்பித்தோம், பிறகு அந்தச் சக்தியை அடக்கும் அசதையோபிரின் மாத்திரையைச் சேர்த்தோம். மாத்திரை நன்றாகக் கேட்டது. முகம் உப்பிக்கொண்டு வந்தது. நமக்கு அது ஸ்டீராய்டின் பக்க விளைவு. செக்கிங் டேபிள் பெண்களோ, புருஷன் ஊட்டுச் சோறு ஒட்டுது பாரு என்று கேலி செய்தார்களாம். வெட்கத்தோடு வந்து சொன்னாள்.

குழந்தை எப்போது பெற்றுக்கொள்ளலாம் என்று முதல் மாதமே கேட்டாள். ஒரு வருஷம் நோய் அடங்கியிருக்க வேண்டும், எஸ்.ஜி.பி.டி.யும் ஐ.ஜி.ஜி.யும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தாராளமாகப் பெற்றுக்கொள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் அசதையோபிரினை நிறுத்தக்கூடாது, அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். புத்தகத்தில் இருப்பதுதான். நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள்.

நந்தகுமார் ஒவ்வொரு முறையும் கூட வருவான். பைலை அவன்தான் பிடித்திருப்பான், அவள் கையில் கொடுக்க மாட்டான். வாய் ஓயாத பையன். ஒருநாள், ஆடிட் வருகிறது, அடுத்த வாரம் லீவு கிடைக்காது, ரத்தம் எடுக்கிற தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். ஆடிட் என்றால் என்னப்பா செய்வீர்கள் என்று வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான். முந்தின வாரம் எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுப்பார்களாம். துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கு இரும்புக் கையுறை வரும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். தீ விபத்து வழியை அடைத்துக்கொண்டிருக்கும் துணி மூட்டைகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விடும். குடிக்கிற தண்ணீர்கூட அந்த வாரம் இனிக்கும் என்றான். ஆடிட்டர் காரில் ஏறிக் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க்கும் கையுறையும் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். அவன் அதை நடித்தே காட்டினான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் ஆறு மாதம் எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டதுபோல நடந்தது. எஸ்.ஜி.பி.டி. இறங்கியது, பின்னாலேயே ஐ.ஜி.ஜி.யும் மெதுவாக இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தது, ஐ.ஜி.ஜி. கொஞ்சம் ஏறியிருந்தது. லேபுக்கு லேப் வித்தியாசம் வரும் என்று விட்டேன். அடுத்த முறை எஸ்.ஜி.பி.டி. இன்னும் அழகாக இருந்தது. ஐ.ஜி.ஜி. இன்னும் ஏறியிருந்தது. எனக்கு உறுத்தியது. வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்தேன். ஈரல் சுருங்கத் தொடங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல. எஸ்.ஜி.பி.டி. ஈரல் செல் உடைந்து கொட்டுவது. இந்த வாரம் என்ன நடக்கிறது என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஸ்டீராய்டைப் பத்துப் பதினைந்து நாள் ஒழுங்காகப் போட்டால் அது அடங்கி உட்கார்ந்துவிடும். ஐ.ஜி.ஜி. அப்படி இல்லை. ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். நடுவில் நடந்ததையெல்லாம் அது ஞாபகம் வைத்திருக்கும். இரண்டும் இரண்டு விதமாகப் பேசினால், ஞாபகம் உள்ளதை நம்புங்கள்.

ஒரு வருஷம் முடிகிற பரிசோதனைக்கு நந்தகுமாரின் அம்மா வந்திருந்தார். கணியூரிலிருந்து முதல்முறையாக மகன் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து நேராக என் அறைக்கு. மடி நிறைய மல்லிகைப்பூ கொண்டுவந்து, மருமகள் தலையில் தானே வைத்துவிட்டிருந்தார். பேச்சியம்மாள் அந்தப் பூவோடு தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் அவ்வளவு ஆசை இருந்தது.

"ஏனுங் டாக்டரம்மா, எம்பட மருமகளுக்கு ரத்தம் சுத்தமாயிருச்சுங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க, பழனிக்கு வர்றதா வேண்டியிருக்கறனுங்க" என்றார்.

என் உதவி டாக்டர் பின்னாலிருந்து, எஸ்.ஜி.பி.டி. முப்பதுதான் மேடம், நல்ல சேதி சொல்லிவிடலாம் என்று காதில் ஓதினார். ஓர் அம்மா முதல்முறையாக மருமகளே என்று சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தைதான் கேட்கிறாள். அதைச் சொல்வதற்கு எனக்கும் ஆசைதான். இந்தத் தொழிலில் நெருக்கடி என்றால் ரத்த வாந்தியும் ஸ்ட்ரெச்சரும் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எதிரில் மூன்று பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நெருக்கடிதான். இன்னும் ஆகவில்லைங்க, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றேன். அந்த அம்மாவின் முகம் கறுத்துப்போனது. பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மாத்திரையைத் தவறாமல் போடுகிறாயா என்று கேட்டேன். "போடுதேன் டாக்டரம்மா" என்றாள். ஒரு நாள்கூட விடவில்லையா என்றேன். விடவில்லை என்றாள். என் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் மூவரும் வராண்டாவைக் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் நடித்துக்காட்டிய மாஸ்க்கும் கையுறையும் எனக்கு ஞாபகம் வந்தன. மாத்திரையையும் இவள் அப்படித்தான் போடுகிறாளோ என்று தோன்றியது.

இனி என்ன செய்வது? அவளைப் பொய்க்காரி என்று சொல்லி நாலு பேர் முன்னால் கூண்டில் ஏற்றலாம். அது என் சுபாவத்துக்கும் ஒத்து வரும். அப்படிச் செய்திருந்தால் அவள் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பாள். மூன்று வாரம் போகவிட்டு, ஒரு காலை நேரத்தில் அவளுக்கு மட்டும் போன் செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போ, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். எஸ்.ஜி.பி.டி. எண்ணூற்றுக்கு மேல் இருந்தது. மஞ்சளைக் காட்டும் பிலிருபினும் ஏறத் தொடங்கியிருந்தது.

ரிப்போர்ட்டை அவள் முன்னால் வைத்து, ஏன் கண்ணு என்று மட்டும் கேட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். மாத்திரை போட்டால் பிள்ளை கையில்லாமல் காலில்லாமல் பிறக்கும் என்று மருந்துக் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் நிறுத்தியிருக்கிறாள். ரத்தம் எடுக்கிற தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லா மாத்திரையையும் நேரம் தவறாமல் போடுவாள். ரத்தம் கொடுத்த அன்று மாலையே நிறுத்திவிடுவாள். நிறுத்தி நிறுத்திப் போட்டதில் ஈரல் ஒவ்வொரு முறையும் அடிவாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"டெஸ்டுல பாஸ் ஆனாத்தான் பிள்ள பெத்துக்கிடலாம்னு நீங்கதான சொன்னிய? மாத்திர போட்டா பிள்ளைக்கு ஆவாது. போடலன்னா டெஸ்டுல பாஸ் ஆவ மாட்டேன். எனக்கு ரெண்டும் வேணும்லா" என்றாள்.

நான் பரிசோதனை என்று சொன்னது, அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க. அவளுக்கு அது வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற நாள். அவள் பார்த்த உலகத்தில் பரிசோதனை என்றால் அதுதான். படித்த நாம் இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

தீட்டு எப்போது வந்தது என்று கேட்டேன். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மல்லிகைப்பூவோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே அவளுக்குத் தெரியும். என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்ததும் எல்லோரிடமும் சொல்லலாம் என்று வைத்திருந்திருக்கிறாள்.

அன்றே வார்டில் சேர்த்தேன். இந்த மாத்திரையோடு பிள்ளை பெற்றுச் சுகமாக இருக்கும் பெண் ஒருத்தியை, எங்கள் பழைய நோயாளியை, வரவழைத்து அவள் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்தப் பெண் தன் மகனையும் கூட்டிவந்திருந்தாள். பேச்சியம்மாள் அந்தப் பிள்ளையின் கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரையைக்கூட மறுக்கவில்லை. முதல் நாளே நான் செய்திருக்கக்கூடியது அது. புத்தகத்தில் இருப்பதை வாயால் சொல்லிவிட்டு, புரிந்திருக்கும் என்று அனுப்பிவிடுகிறோமே, நீங்களாவது அப்படிச் செய்யாதீர்கள்.

பெரும்பாலும் இந்த நோய் ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும். அவளுக்கும் அடங்கும் என்றுதான் நம்பினேன். மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. ரத்தம் உறைகிற நேரம் நீண்டது. ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறியது. ஈரல் மாற்று செய்கிற கோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். நந்தகுமார் பைலோடு ஆம்புலன்ஸின் முன்னால் ஏறப் போனபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியட்ட சொல்லிராதிய டாக்டரம்மா" என்றாள். மாத்திரை விஷயத்தை அவனிடம் சொல்ல மாட்டேன் என்றேன்.

அங்கே முதலில் குழந்தை போனது. பிறகு நுரையீரலில் தொற்று ஏறியது. ஈரல் கொடுக்க நந்தகுமாரின் அம்மாவே முன்வந்து, தன்னை வெட்டிக்கொள்ளச் சொல்லி அங்கிருந்த டாக்டர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டாராம். அந்த அம்மாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும் அது முடியாது. வேறு ஆள் தேடுவதற்குள் பேச்சியம்மாள் போய்விட்டாள். சேதி வந்த அன்று நான் ஓ.பி.யைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வேலைக் காலத்தில் அப்படிப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பேப்பரை முழுதாகப் படியுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு எண்ணைத் தேடி ஓடாதீர்கள், ஆளைப் பாருங்கள். பாஸ், ஃபெயில் என்ற வார்த்தைகளை நோயாளியிடம் சொல்லாதீர்கள். மாத்திரை போடாதவளைத் திட்டாதீர்கள், அவளுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பயத்தைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் சில பேரைக் காப்பாற்ற முடியாமல் போகும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சில மாதம் கழித்து நந்தகுமார் வந்தான். டோக்கன் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, முறைப்படி உள்ளே வந்தான். கையில் பைல் இல்லை. சட்டையோடு கூடுதல் பட்டன் போட்டுக் கொடுக்கிற சின்னப் பாலிதீன் கவர்கள் ஒரு கட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் மாத்திரைகள். வீட்டைக் காலி பண்ணும்போது அவள் சேலைகளுக்கு அடியில் இருந்தது என்றான். தினமும் தண்ணீர் மொண்டு கொடுத்தது தான்தான் என்றும், அவள் வாயில் போட்டுக்கொண்டதாகவே நினைத்திருந்ததாகவும் சொன்னான். வேறு யாருக்காவது ஆகுமா என்று கேட்டான். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை யாருக்கும் ஆகாது. அதைச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை என்று புரிந்தது. உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் கடைசியாகக் கேட்டாள் என்றேன். தலையை ஆட்டினான். எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தேன், போகவில்லை.

"ஆடிட்டுக்கு முந்துன வாரம் மாஸ்க் எடுத்துக் குடுக்கறதே நாந்தானுங்கம்மா. ஆடிட்டரு போனதீமு திருப்பி வாங்கி உள்ள வெக்கறதும் நாந்தானுங்க. ஊட்டுக்குப் போனா அதயேதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பனுங்க, அவளும் சிரிப்பா. எங்கிட்டத்தானுங்க கத்துக்கிட்டா" என்றான்.

அந்தக் கதையை அவன் நடித்துக்காட்டியது இதே அறையில்தான். அன்று அவள் உட்கார்ந்து சிரித்தது, இப்போது அவன் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில்.